இரண்டு பவுண்டு கட்டாத அம்மா: வீம்பா, மனசாட்சியா?

கல்தச்சன் (இழையைத் தொடங்கியவர்)

பென்சீன் வளையம் வரையாமல் யாரும் பிளஸ் டூ தாண்டியிருக்க மாட்டீர்கள். அந்த அறுகோணம் நெளிவு சுளிவு இல்லாமல் தட்டையாகத்தான் இருக்கிறது என்று 1929-ல் எக்ஸ்ரே வைத்துக் காட்டியவர் கேத்லீன் லான்ஸ்டேல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. பையனின் புராஜெக்டுக்காக அவரைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். 1943 தொடக்கத்தில் அந்த அம்மா லண்டன் ஹாலோவே பெண்கள் சிறையில் ஒரு மாதம் இருந்திருக்கிறார்.

கொலையோ களவோ இல்லை. இரண்டாம் உலகப்போர் நேரம். தீக்காவல் பணிக்குப் பெயர் பதியச் சொல்லி அரசு உத்தரவு போட்டிருந்தது. அவர் பதியவில்லை. 2 பவுண்டு அபராதம். அதையும் கட்டவில்லை. உள்ளே தள்ளிவிட்டார்கள்.

வீட்டில் மூன்று பிள்ளைகள், கடைக்குட்டிக்கு எட்டு வயதுதான். "எனக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விலக்கே கிடைத்திருக்கும். சொல்லவில்லை.

இரண்டு நாளாக இதையே மெல்லுகிறேன். என் மனைவியிடம் சொன்னேன். "பிள்ளைகளுக்கு யார் சோறு போட்டது?" என்றாள். பதில் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


சுண்ணாம்பு

வீம்பு. சந்தேகமே வேண்டாம்.

துப்பாக்கி தூக்கச் சொன்னால் மாட்டேன் என்பது புரிகிறது. குண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்ய மாட்டேன் என்பதும் புரிகிறது. தீக்காவல் என்றால் என்ன? ராத்திரி மொட்டை மாடியில் மணல் வாளியும் கைப்பம்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. தீக்குண்டு விழுந்தால் பரவுவதற்கு முன்னால் அணைப்பது. பக்கத்து வீட்டுக் குழந்தை வெந்து சாகாமல் பார்த்துக்கொள்வது. இதில் யாரைக் கொல்கிறோம்? அகிம்சைக்காரர் முதல் ஆளாக மாடி ஏறியிருக்க வேண்டாமா?


பழையபேப்பர்

சுண்ணாம்பு, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் ஒரு தகவல் விட்டுப்போயிற்று. லான்ஸ்டேல் தீயணைக்க மாட்டேன் என்று சொன்னதே இல்லை. தானாக வந்து செய்யத் தயார் என்றுதான் இருந்தார். போர்க்கால ஏற்பாட்டின் உறுப்பாக, சட்டத்தின் கட்டாயத்தில், பதிவேட்டில் பெயர் எழுதித் தர மாட்டேன் என்றார். மனசாட்சிப்படி மறுக்கிறவர்களுக்கு அந்தப் பதிவில் வழியே வைக்கவில்லை என்பதுதான் அவருடைய சண்டை.

சட்டத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1941 டிசம்பரில் பிரிட்டன் பெண்களையும் கட்டாயப் பணிக்கு அழைத்தது. முதலில் 20 முதல் 30 வயது வரை, திருமணம் ஆகாதவர்கள், பிள்ளை இல்லாத விதவைகள். ராணுவத் துணைப்படை, குடிமைப் பாதுகாப்பு, தொழிற்சாலை என்று எதையாவது எடுத்துக்கொள்ளலாம். தன் கைப்பட எழுதிச் சம்மதம் தராத எந்தப் பெண்ணையும் கொல்லும் ஆயுதத்தை இயக்க வைக்கக்கூடாது என்று சட்டத்திலேயே இருந்தது. படைக்குப் போக மாட்டேன் என்பவர் தீர்ப்பாயத்தில் வந்து காரணம் சொல்லலாம். போர் முடிவதற்குள் பிரிட்டனில் சுமார் 60,000 ஆண்கள் இப்படிப் பதிந்தார்கள். பெண்கள் ஆயிரத்துச் சொச்சம்.

சிக்கல் மற்ற உத்தரவுகளில். "இந்த ஆலைக்குப் போ" என்று வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் உத்தரவுக்கும் தீக்காவலுக்கும் மனசாட்சி விலக்கு கிடையாது. 1942-ல் தீக்காவல் 20 முதல் 45 வயதுப் பெண்களுக்கும் கட்டாயமானது. லான்ஸ்டேலுக்கு அப்போது 39. வலையில் விழுந்தார்.


தேவகி அக்கா

கட்டாயம் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நான் வருஷம் இரண்டு தடவை ரத்தம் கொடுக்கிறவள். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு முகாம் வைத்தார்கள். "எல்லோரும் கட்டாயம் கொடுக்கணும், கொடுக்காதவர்கள் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்று ஒரு நோட்டு சுற்றி வந்தது. நான் கொடுக்கவும் இல்லை, கையெழுத்தும் போடவில்லை. மேலதிகாரி கூப்பிட்டு வைத்துப் பேசினார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு நானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

கிறுக்குத்தனம் என்று என் அண்ணன் சொன்னான். இருக்கலாம். ஆனால் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் என் ரத்தம் அவர்கள் கணக்கில் போயிருக்கும்.


சுண்ணாம்பு

தேவகி அக்கா, நீங்கள் அன்று கொடுக்காததால் யாரும் சாகவில்லை. லண்டனில் கூரை எரிந்தால் ஆள் சாவான். இரண்டும் ஒன்றா?

போகட்டும். அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் பேராசிரியர், பெரிய வீட்டுப் பெண்? கொள்கை என்பதே வசதி இருப்பவர்களின் ஆடம்பரம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்.


பழையபேப்பர்

உங்கள் சந்தேகத்துக்கு நேர் எதிர் சாட்சி ஒன்று இருக்கிறது. அந்தப் போரில் முதலில் சிறைக்குப் போன பெண் மறுப்பாளராகச் சொல்லப்படுபவர் கான்ஸ்டன்ஸ் போலம், நியூகாசில் பக்கம். 1942 தொடக்கத்திலேயே, லான்ஸ்டேலுக்கு ஒரு வருஷம் முன்னால். அவர் வீட்டு வேலை செய்து பிழைத்த பெண். அவரைப் பற்றி எழுதக் கிடைப்பது இரண்டு பத்திதான். லான்ஸ்டேலைப் பற்றி புத்தகமே எழுதலாம். ஆடம்பரம் அங்கே இருக்கிறது: கொள்கையில் இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்வதில்.


டெர்பிவாசி

வேலைக்காக இங்கிலாந்தின் டெர்பி நகருக்கு வந்து ஒன்பது வருஷம். வசதி இல்லாதவர்கள் பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். இது முதல் உலகப்போர்.

பியர் ட்ரீ ரோடு என்று ஒரு தெரு. இப்போது நம் துணைக்கண்டத்து மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கும். கறிவேப்பிலை வாங்க அங்கேதான் போவேன். அங்கே ஒரு சுவரில் நீல வட்டப் பலகை: ஆலிஸ் வீல்டன். பல மாதம் யாரோ கவிதாயினி என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன்.

பழந்துணி விற்றுப் பிழைத்த அம்மா. அதற்கு முன்னால் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். 1916 ஜனவரியில் ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. மகன் வில்லியம் போக மறுத்தார். ஆலிஸ் தன் மகனை மட்டுமல்ல, ஓடி வரும் மற்றப் பையன்களையும் ஒளித்துவைத்துச் சோறு போட்டார். அந்த வீட்டுக்கு 1916 கடைசியில் 'அலெக்ஸ் கார்டன்' என்று ஒருவன் வந்தான். நானும் மறுப்பாளன், எனக்கும் அடைக்கலம் வேண்டும் என்றான். அரசின் உளவாளி.

1917 ஜனவரி கடைசியில் ஆலிஸ், மகள்கள் ஹெட்டி, வின்னி, மருமகன் ஆல்ஃப் எல்லோரும் கைது. பிரதமர் லாயிட் ஜார்ஜை விஷ அம்பால் கொல்லச் சதி என்று வழக்கு! விஷம் இருந்தது உண்மை, மருமகன் மருந்து வேதியியல் தெரிந்தவர், அனுப்பியிருந்தார். மறுப்பாளர்களை அடைத்துவைத்த முகாமின் காவல் நாய்களுக்குத்தான் அது என்று ஆலிஸ் சொன்னார். வழக்கை நடத்தியவர் அட்டர்னி ஜெனரல் எஃப். இ. ஸ்மித்தே. கதையின் ஆணிவேரான அந்தக் கார்டனை நீதிமன்றக் கூண்டில் ஏற்றவே இல்லை. ஆலிஸுக்குப் பத்து வருஷம், ஆல்ஃபுக்கு ஏழு, வின்னிக்கு ஐந்து. பள்ளி ஆசிரியை ஹெட்டி மட்டும் விடுதலை.

ஆலிஸ் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். உடம்பு மோசமாகி, வருஷக் கடைசியில் விடுவித்தார்கள். எந்தப் பிரதமரைக் கொல்லப் பார்த்தார் என்றார்களோ அவரே விடச் சொன்னார். 1919 பிப்ரவரியில் ஃப்ளூ காய்ச்சலில் போய்விட்டார்.

சுண்ணாம்பு, பழந்துணிக் கடைக்காரர் இவர். ஆடம்பரம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.


சுண்ணாம்பு

சரி, அந்த வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். கட்டாயமாக இல்லை, தானாகவே :)

ஆனால் முதல் போரும் இரண்டாம் போரும் ஒன்றல்ல. 1914-ல் ராஜாக்கள் சண்டை. 1940-ல் எதிரே ஹிட்லர். அந்த நேரத்தில் சமாதானம் பேசுவது யாருக்கு உதவும்?


வெண்மணல்

இதே கேள்வி அவர்களுக்குள்ளேயே வந்தது. மாட் ராய்டன் என்ற பெண் பிரசங்கி, பல வருஷம் சமாதான இயக்கத்தின் பெரிய குரல். 1940-ல் வெளிப்படையாகத் தன் நிலையை மாற்றிக்கொண்டார். போரைவிட நாசிசம் பெரிய தீமை என்றார். அவரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல வருஷம் மேடையில் பேசியதை "தப்பு" என்று சொல்லவும் தைரியம் வேண்டும்.

இன்னொரு பக்கம் வேரா பிரிட்டன். முதல் போரில் தாதியாக இருந்து, காதலனையும் ஒரே தம்பியையும் போருக்குக் கொடுத்தவர். இரண்டாம் போரில் அவர் 'போரை நிறுத்து' என்று மட்டும் கத்திக்கொண்டிருக்கவில்லை. கைக்கு எட்டியதைக் கேட்டார். முற்றுகையில் பட்டினி கிடக்கும் ஐரோப்பியக் குழந்தைகளுக்கு உணவு போக விடுங்கள் என்றார். ஜெர்மன் நகரங்களை வீடுவாசலோடு சேர்த்துக் குண்டு போடுவதை நிறுத்துங்கள் என்று 1944-ல் சிறுநூல் எழுதினார். அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த திட்டு கொஞ்சமல்ல. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆர்வெல்லே பத்திரிகையில் மறுத்து எழுதினார். வேடிக்கை என்னவென்றால், ஜெர்மானியர்கள் பிரிட்டனைப் பிடித்தால் உடனே கைது செய்ய வைத்திருந்த பட்டியலிலும் வேராவின் பெயர் இருந்தது. ஹிட்லருக்கு உதவியவர் என்று பிரிட்டனில் பேச்சு, ஹிட்லர் ஆட்கள் கையில் கைதுப் பட்டியல்.

போர் முடிந்து ட்ரெஸ்டன், ஹாம்பர்க் படங்களைப் பார்த்தபிறகு அவர் கேட்டது அவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதா?


கல்தச்சன்

வெண்மணல், அருமை. நான் தேடியதில் லான்ஸ்டேலின் சின்ன வயது ஒன்று கிடைத்தது. முதல் போரில் குடும்பம் லண்டனுக்குக் கிழக்கே செவன் கிங்ஸ் என்ற இடத்தில் இருந்திருக்கிறது. ஜெர்மன் செப்பலின் வான்கப்பல்கள் தீப்பிடித்து விழுவதை வீட்டிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். எதிரி விழுகிறான் என்று யாருக்கும் குஷியாக இருந்திருக்கும் காட்சி. அவருடைய அம்மா மட்டும் அழுதாராம். அதில் வந்த ஜெர்மானியர்களில் சிலர் வெறும் பையன்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்.

அந்த அம்மா எந்தக் கட்சியும் இல்லை. பத்துப் பிள்ளை பெற்றவர். மகளுக்குக் கொள்கை எங்கே ஆரம்பித்தது என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த ராத்திரியைத்தான் காட்டுவேன். போரே கூடாது என்னும் குவேக்கர் கிறிஸ்தவ சபையில் சேர்ந்ததெல்லாம் அப்புறம், 1935 வாக்கில், கணவரோடு சேர்ந்து.


படிகம்71

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். லான்ஸ்டேல் என்றதும் கை துறுதுறுக்கிறது. நம் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1936-ல் படிகங்களின் காந்தப் பண்பு பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதியவர் இதே லான்ஸ்டேல்! லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் இதழில் வந்தது. அதோடு நிற்கவில்லை. வைரத்தில் எக்ஸ்ரே விழும்போது தெரியும் கூடுதல் புள்ளிகளுக்குக் காரணம் என்ன என்று சர் சி. வி. ராமனோடு 1940-களில் மல்லுக்கட்டியவரும் இவர்தான். ராமன் சும்மா விடுகிற ஆளா? அந்தப் பக்கம் இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் வேறு. அந்தச் சண்டையைப் பற்றி


நடுவர்

படிகம்71, வைரச் சண்டையைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். அங்கே ஆசைதீர எழுதுங்கள். இங்கே சிறை.


படிகம்71

சரி சரி. சிறைக்கே வருகிறேன். ஹாலோவேயில் பகலில் கைதி வேலை. மிச்ச நேரத்தில் கணக்குப் போட ஆய்வுத்தாள்களும் கருவிகளும் வைத்துக்கொள்ள சிறைத் தலைமை அதிகாரி அனுமதித்தார். அறைக்குள் உட்கார்ந்து படிகக் கணக்குப் போட்டார். வெளியே வந்த இரண்டே வருஷத்தில், 1945-ல், ராயல் சொசைட்டி முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக எடுத்தது. இருவரில் ஒருவர் இவர், இன்னொருவர் மார்ஜரி ஸ்டீபன்சன். போர் முடியாத நேரத்தில் கைதியாக இருந்தவரை அந்தச் சங்கம் ஒதுக்கவில்லை என்பதை நான் அவர்களின் பெருமையாகவே எழுதுவேன்.


தேவகி அக்கா

கருவி கொடுத்தார்கள், தாள் கொடுத்தார்கள், நல்லது. அந்த வீட்டு வேலைக்காரப் பெண் போலத்துக்கு என்ன கொடுத்திருப்பார்கள்? துடைப்பம்தான்.


பழையபேப்பர்

அக்கா, லான்ஸ்டேலுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். உள்ளே தன்னோடு இருந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்த உடனே ஹாலோவே எப்படி நடக்கிறது என்று எழுதினார். திருத்துவதற்கு என்று பேச்சு, நடப்பது அதற்கு நேர்மாறு என்று. பிறகு சிறைச் சீர்திருத்தம் அவருக்கு வாழ்நாள் வேலையாகிவிட்டது. ஐல்ஸ்பரி பெண்கள் சிறைக்குப் பார்வையாளராகவும் போனார்.

டெர்பிவாசி, கவனித்தீர்களா? உங்கள் ஆலிஸ் வீல்டனை 1917-ல் முதலில் அடைத்த சிறையும் ஐல்ஸ்பரிதான். பிறகுதான் ஹாலோவே.


டெர்பிவாசி

கவனிக்கவில்லை! அடுத்த தடவை கறிவேப்பிலை வாங்கப் போகும்போது அந்தப் பலகைக்குக் கீழே இதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.


நெய்தல்_அமெரிக்கா

சட்டம் என்றால் ஆண்களுக்குத்தான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. ரோசிகா ஷ்விம்மர், ஹங்கேரியில் பிறந்தவர், சமாதான இயக்கத்துக்காரர். அமெரிக்கக் குடியுரிமைக்கு மனுப் போட்டார். படிவத்தில் ஒரு கேள்வி: தேவைப்பட்டால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்தத் தயாரா? இல்லை என்று நேர்மையாக எழுதினார். வயது ஐம்பதை நெருங்கிய பெண், யாரும் அவரைப் படைக்கு அழைக்கப் போவதே இல்லை! 1929-ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அவருக்குக் குடியுரிமை கிடையாது என்றது. நீதிபதி ஹோம்ஸ் மாறுபட்டு எழுதிய தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் ஓடுகிறது: நமக்குப் பிடித்த கருத்துக்கு அல்ல, நாம் வெறுக்கும் கருத்துக்குத்தான் சுதந்திரம் தேவை என்று. ஷ்விம்மர் 1948-ல் எந்த நாட்டுக் குடிமகளாகவும் இல்லாமல் இறந்தார்.

பொய்யாக 'ஆம்' என்று ஒரு டிக் போட்டிருந்தால் முடிந்தது. லான்ஸ்டேலின் 'பிள்ளைகள் இருக்கிறார்கள்' மாதிரியேதான் இது.

இரண்டாம் போரில் இங்கே மறுத்த ஆண்கள் 12,000 பேர் வரை காட்டு வேலை, மனநல மருத்துவமனை என்று முகாம்களில் சம்பளம் இல்லாமல் உழைத்தார்கள். மனைவிமார் பக்கத்து ஊரில் அறை எடுத்து, வீட்டு வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினார்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் மறுப்பாளர் என்று இல்லை.


தேவகி அக்கா

கல்தச்சன் மனைவி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் போல. சோறு யார் போட்டது என்று கேட்டால், எப்போதும் யாரோ ஒரு பெண்.

லான்ஸ்டேல் வீட்டில் கணவர் தாமஸும் இருந்தாரே. அவரும் குவேக்கர்தான். படிப்பை விட்டுவிடாதே என்று கல்யாணமான புதிதில் மனைவியைத் தள்ளியவரே அவர்தான் என்று படித்த ஞாபகம். அந்த மாதம் அவர் சமைத்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம்.


வெண்மணல்

நம் பக்கம் ஒரு ஒப்பீடு உண்டு. 1940 அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கினார், வினோபா முதல் ஆள். போருக்கு ஆளோ பணமோ கொடுப்பது தவறு என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுக் கைதாவது. பெண்களும் கைதானார்கள். ஆனால் அதில் பலருக்கு, எங்களைக் கேட்காமல் எங்களைப் போரில் இழுத்தாய் என்ற கோபமும் கலந்திருந்தது. லான்ஸ்டேலுக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் ஓட்டு வாங்கிய, அவருடைய சொந்த அரசு. அதுவும் அவர் மனதாரக் கெட்டவன் என்று நினைத்த எதிரியோடு சண்டை போடும் அரசு. அங்கே நின்று மாட்டேன் என்பது இன்னும் ஒண்டியான இடம்.

மியூரியல் லெஸ்டரையும் சொல்லவேண்டும். 1931-ல் காந்தி லண்டனில் தங்கிய கிங்ஸ்லி ஹால் இவருடையது. இரண்டாம் போரில் ஊர் ஊராகச் சமாதானம் பேசிக்கொண்டு போனவரை 1941-ல் ட்ரினிடாடில் பிடித்துவைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கித் திருப்பி அனுப்பினார்கள்.


சுண்ணாம்பு

இவ்வளவு படித்தபிறகும் தீக்குண்டு என் தொண்டையில்தான் நிற்கிறது. ஆலிஸ் புரிகிறது, பிள்ளையைக் காப்பாற்றினார். ஷ்விம்மர் புரிகிறது, பொய் சொல்லவில்லை. லான்ஸ்டேல் மட்டும்... நான் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "அம்மா, உங்கள் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள், வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வாங்க."


பழையபேப்பர்

அதைத்தான் அவரும் கேட்டார் ஐயா! படிவம் இல்லாமல் வாளி.


சுண்ணாம்பு

...ஒரு நிமிஷம்.

சரி. யோசிக்க விடுங்கள். ஆனால் ஊரில் எல்லோரும் படிவம் வேண்டாம், வாளி மட்டும் போதும் என்றால் செவ்வாய்க்கிழமை ராத்திரி எந்த மாடியில் ஆள் இருக்கிறது, எதில் இல்லை என்று யாருக்குத் தெரியும்? அதற்குத்தானே பதிவேடு? இதற்குப் பதில் வரும்வரை நான் எதிர்க்கட்சிதான்.


தேவகி அக்கா

இருங்கள். எதிர்க்கட்சி இல்லாவிட்டால் இந்த இழை ஐந்து பதிலோடு செத்திருக்கும்.


கல்தச்சன்

பையனின் புராஜெக்ட் முடிந்தது. பென்சீனுக்குக் கீழே ஹாலோவேயையும் ஒரு வரி எழுதச் சொன்னேன். டீச்சர் மார்க் குறைப்பாரா என்று பயப்படுகிறான்.

போகிற போக்கில் ஒன்று. 1956-ல் லான்ஸ்டேலுக்கு டேம் பட்டம் (ஆண்களுக்கு 'சர்' மாதிரி) கொடுத்தார்கள். பக்கிங்ஹாம் அரண்மனைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போகவேண்டும். அந்த அம்மா கடைக்குப் போகவில்லை. கொஞ்சம் லேஸ், கலர் அட்டை, ஒன்பது பென்னிக்கு ரிப்பன். வீட்டிலேயே ஒட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு போனாராம்.


சுண்ணாம்பு

இரண்டு பவுண்டு கட்டாதவர் தொப்பிக்கு மட்டும் எப்படிச் செலவழிப்பார்!